புல்தரையில் நின்ற எல்லைக்கல்

“…அப்ப நாம அல்லாரும் செத்துட்டமா? இன்னா நைனா படிக்கிற நீ, சரியாப் படி!”

தலையில் கரகத்தோடு நின்றபடியே அக்கா கேட்டாள். கரகம் ஏறிய தலை அசையக் கூடாது. அதனால் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினாள். என் கையில் கம்பெனி எச்.ஆர். சாரின் செல்போன் இருந்தது. அதில் ஒரு படம். படத்தில் ஒரு கல், கல்லுக்குக் கீழே பளபளக்கும் பித்தளைத் தகடு. நான் சரியாகத்தான் படித்தேன். அவள் சொன்னதற்காக மறுபடியும் படித்தேன். ‘பழங்கால எல்லைக்கல். முற்காலத்தில் இப்பகுதியில் வாழ்ந்த மக்கள் இதனைத் தெய்வமாக வழிபட்டு வந்தனர்.’

பம்பைக்காரர் குச்சியைத் தூக்கிய கையை அப்படியே வைத்திருந்தார். முற்காலத்தில் வாழ்ந்த அந்த மக்கள், கம்பெனி கொடுத்த மஞ்சள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கையில் வேப்பிலையும் காப்புமாக, என் எதிரில் வேர்த்து விறுவிறுத்து நின்றிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அதே கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிறவர்கள், மூட்டை ஏற்றுகிறவர்கள். ஷிஃப்டுக்கு அவர்களை ஏற்றி இறக்குகிற வேன் என்னுடையது.

நான் அந்த ஊர்க்காரன் இல்லை. ஆரம்பாக்கம். ஆனால் வருஷக்கணக்காக ஒரே வேனில் அவர்கள் பேச்சைக் கேட்டு ஓட்டியவன். ரேடியோ ரிப்பேராகி நின்றுபோனதுகூட நல்லதாய்ப் போயிற்று. “வேனு ஓட்றவனுக்கு முதுகுல காது” என்று அந்தப் பெண்கள் என்னைக் கிண்டல் செய்வார்கள். அந்தக் காதில் விழுந்ததில்தான் இந்த எல்லைக்கல்லின் கதையும் எனக்குத் தெரியும்.

ஊர் கம்பெனிக்குப் பின்பக்கம். முன்பக்கம், அதாவது பெரிய கேட், சிப்காட் ரோட்டைப் பார்த்து. நடுவில் இரும்பு உருக்குகிற சூளைகளும் ஷெட்டுகளும். எல்லைக்கல் நின்றது இந்த ஷெட்டுகளுக்கு நடுவில். கம்பெனி வருவதற்கு முன்னால் அங்கே நெல்தான். ஊரின் எல்லை அந்தக் கல்லோடு முடிந்தது. கல்லுக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் வெளி. கம்பெனி மதிலை எழுப்பியபோது கல் உள்ளே மாட்டிக்கொண்டது. பெரியவர்கள் போய்ப் பேசினார்கள். கல்லில் கைவைக்கக் கூடாது, ஆடித் திருவிழாவின் கடைசி நாள் கரகம் வந்து போக ஊர்ப்பக்கம் ஒரு சின்னக் கதவு வேண்டும் என்று கேட்டார்கள். கம்பெனி ஒத்துக்கொண்டது. வருஷத்தில் ஒரே நாள் திறக்கிற கதவு அது. மற்ற நாளில் வேலைக்கு ரோட்டைச் சுற்றிக்கொண்டு என் வேனில்தான் வர வேண்டும்.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர்கள், அந்தக் காப்பு அவிழ்கிற வரைக்கும் எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லைக்கல்லுக்கு முன்னால் கரகத்தைக் காட்டி, எலுமிச்சம்பழம் அறுத்து, அங்கேதான் காப்பை அவிழ்க்க வேண்டும். ஆகவே திருவிழா வாரத்தில் அந்த ஊர்க்காரர்கள் யாரும் வேலைக்கு வருவதில்லை. கம்பெனி ஆபீஸ் இருப்பது எல்லைக்கு அந்தப் பக்கம் ஆயிற்றே. என் வேனும் அந்த வாரம் காலியாக ஓடும்.

இதை நான் வேடிக்கையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வருஷம், சூளைப் பக்கம் வருகிற எல்லோரும் ஹெல்மெட் போட வேண்டும் என்று பாதுகாப்பு அதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். பூசாரி அவரையே கேட்டாராம், “கரகத்துக்கு மேல ஹெல்மெட்டா, ஹெல்மெட்டுக்கு மேல கரகமா? நீயே சொல்லு சார், அப்படியே வெச்சிடலாம்.” அன்றையிலிருந்து கரகம் எடுப்பவருக்கு மட்டும் ஹெல்மெட் கிடையாது. ஆனால் விசிட்டர் பாஸ் உண்டு. கழுத்தில் பூமாலையோடு அந்த நீல நாடாவும் தொங்கும். “கேட்டுக்குள்ள வந்தா சாமியும் விசிட்டர்தான்” என்பார் செக்யூரிட்டி. அதற்கு ஊர்ப் பெண்கள், “உங்க கம்பெனி சாமிகிட்ட பாஸ் வாங்காம வந்துச்சே, அத இன்னா பண்றது?” என்பார்கள். சிரித்துக்கொண்டே சொல்வதுதான். அந்தச் சிரிப்பு எத்தனை வருஷமாகத் தேய்ந்து மெலிந்து வந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அக்காவுக்கு அந்தக் கம்பெனி ஆபீசில் தரை துடைக்கிற வேலை. கூடப் பிறந்தவள் இல்லை; என்னைவிடப் பத்து வயது பெரியவள் என்பதால் அக்கா, அவளுக்கு நான் நைனா. புருஷன் ஆந்திரா பக்கம் லாரி ஓட்டப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். ஒரே மகள். பொன்னேரிப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தாள். மகளுக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. நிறைமாதத்தில், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டது. அன்று அக்கா ஷிஃப்டில் இருந்தாள். அவள் போய்ச் சேர்ந்தபோது மகள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்ததாக ஒரு தரம் வேனில் சொன்னாள். 

மகள் மறுபடி உண்டானதும் அக்கா நேர்ந்துகொண்டாள். இந்தப் பிள்ளை தங்கட்டும், இந்த வருஷக் கரகம் நான் எடுக்கிறேன் என்று. மகளிடமும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். இந்தத் தடவை நீ உள்ளே போகும்போது நான் வாசலில் நிற்பேன் என்று. டாக்டர் சொன்ன தேதி திருவிழாவுக்கு ரொம்பத் தள்ளித்தான் இருந்தது. இரண்டும் மோதாது என்று கணக்குப் போட்டிருந்தாள். “நாம காலண்டரு பாக்கிறோம், புள்ள பாக்குமாடி?” என்று வேனில் யாரோ அப்போதே சொன்னார்கள்.

திருவிழாவின் கடைசி நாள் சாயங்காலம் அவள் மருமகன் எனக்குப் போன் செய்தான். கரகம் எடுப்பவள் விரதத்தில் போன் வைத்துக்கொள்வதில்லை. அதனால் என் நம்பரைக் கொடுத்திருந்தாள்.

“அண்ணே, இதுக்கு வலி வந்துட்சி. பொன்னேரி ஆஸ்பத்திரில கீறோம். உள்ள வரமாட்டேன்னு பெஞ்சியப் புடிச்சிக்கினு அழுவுது. எங்கம்மா வந்தாத்தான் வருவேன்னு ஒரே அடம். நர்சம்மா கத்துறாங்க. பேஜாரா கீதுண்ணே. அத்தைய எப்படியாவது இட்டாந்துடுங்க.”

நான் வேனை நேராகப் பெரிய கேட்டுக்கு விட்டேன். ரோட்டு வழியாக வந்தால் அதுதான் கிட்டம். செக்யூரிட்டிக்கு என்னைத் தெரியும். உள்ளே ஓடினேன். ஆபீஸுக்கு முன்னால் புல்தரையில் புதிதாக ஏதோ கல் நட்டு, சுற்றிச் சங்கிலி போட்டிருந்தார்கள். அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துத் தாண்டிப் போனேன். சத்தியமாக எனக்கு அடையாளம் தெரியவில்லை. மஞ்சளும் குங்குமமும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிய கறுப்புக் கல்லைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இது வெளுப்பாக, சோப்புப் போட்டுக் குளித்த மாதிரி இருந்தது.

ஷெட்டுகளைத் தாண்டும்போதே எதிர்ப்பக்கம் பம்பைச் சத்தம். சின்னக் கதவு வழியாகக் கரகம் உள்ளே நுழைந்து வந்துகொண்டிருந்தது. முன்னால் பூசாரி, அக்காவின் புருஷனுக்குச் சித்தப்பா முறை. பின்னால் அக்கா. அதற்குப் பின்னால் ஊர். நான் கிட்டப் போய் நடந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். ஆனால் நடை மாறவில்லை.

“கல்லுக்குக் காட்டிட்டு, காப்ப அவுத்துக்கினு வந்துர்றேன் நைனா. ரெண்டு நிமிசம். வண்டியத் திருப்பி வெச்சிருக்கியா?”

“ரோட்டப் பாத்து நிக்குதுக்கா.”

“அம்மா வந்துகினே கீறான்னு போன் போட்டுச் சொல்லு.”

நான் சொன்னேன். சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது பம்பை நின்றுபோயிருந்தது.

பூசாரி கையில் எலுமிச்சம்பழத்தோடு நின்றிருந்தார். அவருக்கு முன்னால் கல் இல்லை. அகலமாக ஒரு காங்கிரீட் மேடை. இன்னும் ஈரம் காயாமல், மேலே சாக்கு போட்டு நனைத்து வைத்திருந்தது. நாலு பக்கமும் இரும்பு போல்ட்டுகள் துருத்திக்கொண்டிருந்தன. பூசாரி இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். தப்பான ஷெட்டுக்கு வந்துவிட்டோமோ என்று சந்தேகப்படுகிற ஆள் மாதிரி, வந்த வழியையே திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து அந்த ஈரச் சாக்கைத் தொட்டார். பின்னால் ஒரு பெண், “எங்கடி கல்லு?” என்று கேட்டது, சந்தையில் பிள்ளையைத் தொலைத்தவள் கேட்கிற மாதிரி இருந்தது.

அப்போதுதான் எச்.ஆர். சார் ஓடி வந்தார். தெற்கத்திக்காரர், சின்ன வயசு, தங்கமான மனுஷன். வருஷா வருஷம் இந்தத் திருவிழாவுக்கு மேலிடத்தில் சண்டை போட்டு அனுமதி வாங்கித் தருபவர் அவர்தான். ஊருக்கு வந்து கூழ் குடித்துவிட்டுப் போவார். அன்றைக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“வாங்க வாங்க! கல்லத் தேடுறீங்களா? பத்திரமா இருக்கும்மா, ரொம்பப் பத்திரமா இருக்கு. இங்க புது ஜெனரேட்டர் வருது. ஜேசிபிக்காரன் ஒடச்சு அள்ளிப் போட இருந்தான். நான் பார்த்தேன் பாருங்க, விடுவேனா? எவ்வளவு பழைய கல்லு! முன்பக்கம் கொண்டுபோய், ஆளு வச்சுச் சுத்தம் பண்ணி, பீடம் கட்டி, தகடு அடிச்சு வச்சிருக்கேன். இன்னைக்கு நீங்க வந்து பார்த்தா அசந்துபோகணும்னுதான் சொல்லாம வச்சிருந்தேன்!”

அவர் நீட்டிய போனைத்தான் நான் வாங்கிப் படித்தேன். அதற்குத்தான் அக்கா, நாம அல்லாரும் செத்துட்டமா என்று கேட்டாள்.

சாருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. “இல்லம்மா, அது ஒரு வழக்கமான வாசகம். எல்லா இடத்துலயும் அப்படித்தான் எழுதுவாங்க…” என்று ஆரம்பித்தவர், எதிரில் இருந்த முகங்களைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவருடைய சிரிப்பு மட்டும் எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது. நல்லது செய்தவனின் முகம் அப்படி விழுந்து நான் பார்த்ததில்லை.

பூசாரிதான் முதலில் பேசினார். கத்தவில்லை. “சார், எங்க ஊட்டுச் சொவுத்த நவுத்தி உங்க ஊட்டாண்ட வெச்சிட்டு, சொவுரு பத்திரமா கீதுன்றியே” என்றார்.

“சாமி, தப்புதான். இப்ப எல்லாரும் முன்பக்கம் வாங்க, அங்கயே பூசையப் பண்ணிடலாம்.”

“எப்படி வர்றது? முன்பக்கம் எல்லைக்கு வெளிய. காப்பு கீற கையோட எல்லையத் தாண்டக் கூடாது. காப்ப அவுக்கணும்னா கல்லு வோணும். கல்லு கீறது எல்லைக்கு வெளிய. இன்னா பண்ணச் சொல்ற?”

சார் யோசித்துப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் முடிச்சு முழுசாகப் புரிந்தது. எந்தக் கல்லுக்கு முன்னால் காப்பை அவிழ்க்க வேண்டுமோ, அந்தக் கல்லிடம் போகக் காப்பை அவிழ்த்திருக்க வேண்டும்.

“நாளைக்குக் காலைல கிரேன் வந்துடும்,” சார் கெஞ்சுகிற குரலில் சொன்னார். “நானே நின்னு தூக்கிட்டு வந்து, இந்த மேடை ஓரத்துலயே வச்சுத் தர்றேன். என் பொறுப்பு.”

“அப்ப நாளைக்கு வரைக்கும் அல்லாரும் காப்போட இருங்க. கரகத்த கோயில்ல எறக்கலாம்” என்றார் பூசாரி. ஊர் தலையாட்டியது. ஒரு ராத்திரிதானே. அவர்களுக்கு அது ஒரு ராத்திரிதான்.

அக்கா மட்டும் தலையாட்டவில்லை. ஆட்டவும் முடியாது, தலையில் கரகம்.

என் சட்டைப்பையில் போன் அடித்தது. மருமகன். அக்கா கண்ணால் காட்டினாள். கரகத்தில் படாமல் போனை அவள் காதோரம் பிடித்தேன். பேசியது மருமகன் இல்லை. ஒரு பெண்ணின் மூச்சு. பிறகு குரல், எனக்கே கேட்கிற மாதிரி.

“எம்மா… எங்கம்மா கீற? போன தடவ மாதிரி பண்ணாதம்மா.”

அந்தப் பக்கம் யாரோ போனை வாங்கியிருக்க வேண்டும், துண்டிக்கப்பட்டது. அக்காவின் கன்னத்தில் வழிந்தது வேர்வை இல்லை.

“நைனா, அந்தக் கல்லு எங்க வெச்சிகீறாங்க?”

“கேட்டாண்ட, புல்லுல. நான் வந்த வழிதான்.”

“எல்லைக்கு அந்தாண்ட.”

“ஆமாக்கா.”

அவள் பூசாரியைப் பார்த்தாள். “மாமா, இந்த எல்லையக் காக்கிறது யாரு?”

“இன்னா கேள்வி இது? கல்லுல கீற அம்மாதான்.”

“அவளே தாண்டிப் பூட்டா. தூக்கினு போனாங்களோ, நடந்து போனாளோ, போய் நின்னுக்கினு கீறா. காவக்காரி வெளிய நிக்கிறா, நாம உள்ள நின்னுக்கினு யாருக்கு மாமா பயப்படறோம்?”

“ஏய், வாணாம். நேர்த்திக்கடன் வெச்சிகீற. வயித்துப் புள்ள விசயம். காப்போட தாண்டி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா ஊரு உன்னத்தான் சொல்லும்.”

அந்தச் சொல் அவள்மேல் விழுந்ததைப் பார்த்தேன். அவளுக்கும் அந்தப் பயம்தான். கரகத்தைப் பிடித்திருந்த கையில் மஞ்சள் காப்பு ஈரத்தோடு ஒட்டிக் கிடந்தது. போனால் பிள்ளைக்கு ஆகுமோ, போகாவிட்டால் மகளுக்கு ஆகுமோ. சூளைப் பக்கத்து வெக்கையில் அத்தனை பேரும் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் அந்த ஈர மேடையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

“ஐயையோ” என்று ஒரே குரல். பூசாரி இரண்டடி வைத்து, மேடையின் விளிம்போடு நின்றுவிட்டார். ஊரும் அங்கேயே நின்றுவிட்டது, தண்ணீருக்குப் பக்கத்தில் வந்து நின்ற மாதிரி. எச்.ஆர். சாரை விட்டால், அவளோடு போக முடிந்தவர்கள் காப்புக் கட்டாத இரண்டே பேர், நானும் பம்பைக்காரரும். அவர் பொன்னேரியிலிருந்து கூலிக்கு வந்தவர். என்னைப் பார்த்தார். “கரகம் நடந்தா பம்பை அடிக்கணும் தம்பி, அவ்ளோதான் எனக்குத் தெரியும்” என்று சொல்லி, அடித்துக்கொண்டே பின்னால் வந்தார்.

ஷெட்டுகளுக்கு நடுவே அந்தச் சத்தம் பத்து மடங்காக எதிரொலித்தது. சூளையில் வேலை செய்கிற பீகார் பையன்கள் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்கள். எச்.ஆர். சார் எங்களுக்குப் பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

புல்தரையில் ‘புல்லின் மேல் நடக்காதீர்’ என்று பலகை இருந்தது. அக்கா புல்லின் மேல் நடந்து, சங்கிலியைத் தாண்டினாள். கல்லைப் பார்த்ததும் நின்றாள். கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். எத்தனையோ தலைமுறை அப்பிய மஞ்சள் ஒரு பொட்டுக்கூட இல்லை. உச்சியில் வெற்றிலை வைக்கிற குழியில் மட்டும் சிமெண்ட் சிதறிக் காய்ந்திருந்தது. நான் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் கிட்டே போனேன்.

“இன்னாம்மா இது, உன் கோலம்?” என்றாள் கல்லிடம், அடக்கமான குரலில். வேறு யாருக்கும் கேட்டிருக்காது. கரகத்தை இறக்கிப் பீடத்தில், அந்தப் பித்தளைத் தகட்டின் மேலேயே சாய்த்து வைத்தாள். தகடு வேப்பிலையில் மறைந்துபோயிற்று. எலுமிச்சம்பழம் பூசாரியிடமே இருந்துவிட்டது. அவள் தேடவில்லை. நனைந்து இறுகின காப்பு முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். கல்லைச் சுற்ற அது எட்டவில்லை. கரகத்திலிருந்து அரளிச் சரத்தை உருவி, காப்போடு சேர்த்து முடிந்து, கல்லின் இடுப்பில் சுற்றி இறுக்கிக் கட்டினாள். இழுத்துப் பார்த்தாள். இன்னொரு முடிச்சும் போட்டாள்.

“இப்ப காப்பு உனுக்கு. இங்கியே இரு. அவுங்க வந்து உன்ன ஊட்டுக்கு இட்டுனு போற வரைக்கும் நவுரக் கூடாது, சொல்லிட்டேன்.”

பம்பைக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். எச்.ஆர். சார் சங்கிலிக்கு வெளியே வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். கல்லைப் பார்த்தேன், காப்பு அவிழ்ந்த அவள் மணிக்கட்டில் வெள்ளையாகத் தெரிந்த வளையத்தைப் பார்த்தேன், பிறகு எறிந்த செருப்பைப் புல்லில் தேட ஆரம்பித்தேன். அதற்குள் அவள் வெறுங்காலோடு கேட்டுக்கு ஓடி, வேனின் முன்கதவைத் திறந்து ஏறி, எட்டி என் சீட்டுப் பக்கம் சாய்ந்து, ஹாரனை அழுத்திப் பிடித்தாள்.